பாரப் பந்தைத் தொட முதல்: பேஸ்போல் எறியத் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு தம்பி டென்னிஸ் பந்தில் சின்ன வெட்டுப் போட்டு, ஈரமண்ணை அடைத்து, கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். “என்னடா இது?” என்றேன். “பாரப் பந்து அண்ணா. இதால ஒரு மாதம் எறிஞ்சா பேஸ்போல் பறக்குமாம். வீடியோவில பார்த்தனான்.” கடைத் தராசில் வைத்தோம்: 260 கிராம். உண்மையான பேஸ்போல் 142 முதல் 149 கிராம்தான்.

வேகம் கூடும் என்பது பொய்யில்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 18 வயது வரையான 38 பேரில் ஒரு பகுதியினர் 6 வாரம் பாரப் பந்துகளால் பயிற்சி செய்தார்கள். வேகம் சராசரியாக 3.3 சதவீதம் கூடியது. ஆனால் அந்தக் குழுவில் 24 சதவீதமானோருக்குக் காயம். சாதாரணப் பந்தோடு நின்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. அவர்களிலும் பெரும்பாலானோருக்கு வேகம் கூடியது! சின்ன ஆய்வுதான், அதை வைத்து முடிந்த முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் வளரும் பிள்ளைக்கு நான் பாரப் பந்து கொடுக்க மாட்டேன்.

சரி, எப்படித் தொடங்குவது?

படி 1: முழங்கையைத் தடவிப் பாருங்கள். கையை மடித்தால் உட்பக்கம் ஓர் எலும்பு முட்டும். அதற்குக் கீழே எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் ஒரு நார் இருக்கிறது. எறிவதற்குச் சற்று முன் முன்னங்கை பின்னால் மடங்கும்போது இழுபடுவது இதுதான். அந்த ஆய்வில் பாரப் பந்து எறிந்தவர்களுக்கு 6 வாரத்தில் தோள் பின்னால் சுழலும் அளவு 4 பாகைக்கு மேல் கூடியிருந்தது. கை பின்னால் அதிகம் போனால் அந்த நாரும் அதிகம் இழுபடும் என்பது என் ஊகம். 1974இல் டொமி ஜோன் என்ற வீரருக்கு அந்த நாரை முதன்முதலாகச் சத்திரசிகிச்சையால் மாற்றினார்கள். அவர் திரும்ப ஆட வந்தது 1976இல்.

படி 2: உடம்பைச் சூடாக்குங்கள். மெல்லோட்டம், கைச்சுழற்சி, பிறகு 10 மீற்றரில் மெதுவாக. தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

படி 3: எண்ணுங்கள். காயத்தைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. இடது சட்டைப்பையில் சிப்பிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். 5 எறிக்கு ஒன்றாக வலது பைக்கு மாற்றுங்கள். அமெரிக்க வழிகாட்டலின்படி பிட்சர் (அடிப்பவருக்குப் பந்து எறிபவர்) ஒரு நாளில் எறியக்கூடியது 9–10 வயதில் 75, 11–12இல் 85, 13–16இல் 95. இவை போட்டிக்கான உச்ச எல்லை. புதிதாக வருபவர் 25–30 எறிகளோடு நிற்கலாம். 14 வயது வரை, 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் 4 நாள் ஓய்வு.

இங்கே ஒரு சிக்கல். நம் பெடியள் காலையில் பேஸ்போல், பின்னேரம் எல்லே (தடியால் பந்தடித்து ஓடும் நம் நாட்டு விளையாட்டு), ஞாயிறு டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். கைக்கு இது எந்த விளையாட்டு என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போடுங்கள்.

படி 4: களைத்தால் நிறுத்துங்கள். பந்து உயரப் போகத் தொடங்குவதும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்குவதும் அடையாளங்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்த இளம் பிட்சர்களுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு கூட என்று 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. பாரப் பந்தைவிட எனக்குப் பயம் இதில்தான்.

படி 5: மாரியைப் பயன்படுத்துங்கள். வருடத்தில் 4 மாதம் எறியாமல் இருக்க வேண்டும், அதில் 2–3 மாதம் தொடர்ச்சியாக. திருகோணமலையில் கார்த்திகை தொடங்கினால் மைதானத்தில் தண்ணீர்தானே நிற்கும்? அந்த நாட்களில் கால், இடுப்புப் பயிற்சி செய்யுங்கள். எறிக்கு வேகம் அங்கிருந்துதான் ஏறுகிறது.

படி 6: பாரப் பந்து, கடைசியாக. உடம்பு வளர்ந்து முடிந்து, இரண்டு பருவம் வலியில்லாமல் எறிந்து, பக்கத்தில் பயிற்றுநரும் இருந்தால் பார்க்கலாம். அப்போதும் 170 கிராமுக்கு மேல் வேண்டாம். முழங்கையின் உட்பக்கம் வலித்தால் அன்றே நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள். ஐஸ் வைத்து வலியை மறைத்துக்கொண்டு மறுநாள் மைதானத்துக்கு வர வேண்டாம்.

தம்பி மண்ணைக் கொட்டிவிட்டான். வெட்டுப்பட்ட பந்து எழும்பவில்லை என்று இப்போது என்னிடம் புதுப் பந்து கேட்கிறான்.