டிராக்டரின் த்ரீ பாயின்ட் லிங்கில் மண் வேலையும் பாரம் தூக்குவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

த்ரீ பாயின்ட் லிங்க் என்பது டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டித் தூக்கும் மூன்று கைகள்: கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க். ‘தூக்கும் திறன் 1,200 கிலோ’ என்று கையேட்டில் இருந்தால் அவ்வளவையும் தூக்கிவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த எண் ஹைட்ராலிக்கின் பலத்தை மட்டுமே சொல்கிறது. அதுவும் கீழ் லிங்க்கின் நுனியிலோ, அதற்கு 61 செ.மீ. பின்னாலோ அளந்தது. வண்டி நிற்குமா, முன்பக்கம் எழும்புமா என்பதைத் தீர்மானிப்பது முன் அச்சில் இருக்கும் எடை.

பூம் கம்பம் (லிங்க்கில் மாட்டி, நுனியில் பாரத்தைத் தொங்கவிடும் நீண்ட கம்பம்) மாட்டும்போது இது ஆபத்தாகிறது. 1,900 கிலோ டிராக்டர், முன் அச்சில் 700 கிலோ, இரு அச்சுகளுக்கும் இடையே 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் நுனி பின் அச்சிலிருந்து 2.7 மீட்டர் தள்ளியிருந்தால், 490 கிலோவிலேயே முன் சக்கரங்கள் தரையை விட்டுவிடும் (700 × 1.9 ÷ 2.7). ஸ்டீயரிங் சொன்னபடி கேட்க வேண்டுமானால் டிராக்டர் எடையில் 20 சதவீதமாவது, அதாவது 380 கிலோ, முன் அச்சில் எப்போதும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தூக்கக்கூடியது ஏறக்குறைய 225 கிலோதான்; கம்பத்தின் சொந்த எடையும் இதில் அடக்கம். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 100 கிலோ வெயிட் மாட்டினால் இன்னும் 90 கிலோ அளவுக்கு இடம் கிடைக்கும். இதெல்லாம் சமதரையில், நின்ற நிலையில். பள்ளத்தில் குலுங்கும்போது பாரம் ஒரு கணம் பல மடங்காகத் தெரியும். ஆகவே பாரத்தைத் தரையை ஒட்டியே வைத்து, ஆட்டம் போடாமல் கட்டி, மெதுவாக ஓட்டுங்கள்.

மண்ணின் எடையையும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஈர மண் ஒரு கன மீட்டர் 1,800 கிலோ வரை இருக்கும். 0.3 கன மீட்டர் பின் பக்கெட் நிரம்பினால் மண் மட்டுமே 540 கிலோ.

எல்லாவற்றையும் விடக் கொடிய தவறு, மரக்கட்டையையோ வேரையோ பிடுங்க டாப் லிங்க்கிலோ பூம் கம்பத்திலோ சங்கிலி கட்டி இழுப்பது. இழுவிசை பின் அச்சின் மையத்துக்கு மேலே விழுந்தால், கட்டை அசையாதபோது சக்கரம் நிற்க, வண்டியே அச்சைச் சுற்றி எழும்பி மல்லாந்துவிடும். ஓரிரு நொடிகள்தான், கிளட்சை மிதிக்க நேரமிருக்காது. இழுப்பதற்கென்று இருப்பது டிராபார் (டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டை) மட்டுமே.

பிளேடு, பாக்ஸ் பிளேடு (கிளறும் பற்களும் பின் பட்டையும் உள்ள பெட்டி போன்ற கருவி) வேலையில் டாப் லிங்க்கின் நீளத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அதைச் சுருக்கினால் கருவி முன்பக்கம் சாய்ந்து பற்கள் ஆழமாகக் குத்தும். நீட்டினால் பின் பட்டை தடவிச் சமப்படுத்தும். இறுகிய மண்ணை முதல் ஓட்டத்திலேயே சமப்படுத்தப் பார்ப்பது வீண். முதலில் கிளறி, பிறகு நீட்டி இழுங்கள். லீவர் பொசிஷன் கன்ட்ரோலில் (வைத்த உயரத்திலேயே கருவியை நிறுத்தும் முறை) இருக்கட்டும். டிராஃப்ட் கன்ட்ரோலில் மண்ணின் எதிர்ப்பு மாறும்போதெல்லாம் பிளேடு ஏறி இறங்கி, தரை அலை அலையாகும். மண்ணில் பதிந்த பிளேடோடு திரும்பினால் கீழ் லிங்க்குகளும், அவை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின்களும் வளையும். பிளேடால் பின்னோக்கித் தள்ளுவதும் அப்படியே, அதற்கென்று செய்த பிளேடாக இருந்தாலொழிய.

மாற்றியமைப்பவர்கள் கீழ் லிங்க்கில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. சூட்டில் பக்குவப்படுத்திய எஃகு வெல்டிங் சூட்டில் தன் உறுதியை இழந்து, பாரத்தில் எச்சரிக்கையின்றி முறியும். கொக்கி வேண்டுமானால் கருவியின் சட்டத்தில் வையுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டுக்கு அருகிலேயே பிடியுங்கள். மின்னோட்டம் பேரிங் வழியே போனால் அது கெட்டுவிடும். பின்களும் அளவுப்படியே இருக்க வேண்டும்: லிங்க்கின் அளவு வகைகளில் கேட்டகரி 1-ல் கீழ் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ.; கேட்டகரி 2-ல் 28, 25. சின்ன பின்னைப் பெரிய துளையில் போடுவதானால் புஷ் (இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்) போட்டே மாட்டுங்கள். லிஞ்ச் பின் (பின் கழன்றுவிடாமல் பூட்டும் ஊசி) இல்லாமல் ஆணி சொருகுவது வேண்டாம்.

தூக்கிய கருவிக்கு அடியில், லீவரை நம்பி, யாரும் நுழையக் கூடாது. ஹோஸ் வெடித்தாலோ யாராவது லீவரைத் தட்டிவிட்டாலோ அது அப்படியே விழும். தரையில் இறக்கிவிட்டோ, உறுதியான முட்டு கொடுத்தோ, இஞ்சினை நிறுத்திய பிறகே கை வையுங்கள்.