சிவப்பு எரிந்தால் போச்சு: வீட்டில் குரல் பதிவு செய்ய முதல் பாடம்

அல்சூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு அப்பாயி வந்திருந்தபோது அவருடைய தாலாட்டை ரெக்கார்டு செய்தேன். "பேசுங்க அப்பாயி" என்று சொல்லி, அந்தப் பேச்சுக்கு அளவு வைத்ததுதான் தப்பு. பாட்டு மேலே ஏறியதும் குரல் கரகரவென்று உடைந்துவிட்டது.

கணினிக்கு 0 டெசிபல்தான் கூரை. அதை முட்டினால் மீட்டரில் சிவப்பு எரியும், ஒலியின் தலை அங்கேயே வெட்டுப்படும். வெட்டுப்பட்டது எங்கும் பதிவாகாது. பிறகு வால்யூமைக் குறைத்தால், உடைந்த குரல் மெதுவாகக் கேட்கும், அவ்வளவே.

நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வைத்திருக்கிறேன். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம்.

1. ரெக்கார்டு பட்டனைத் தொடுமுன் கன்ட்ரோல்+எஸ். வரும் பெட்டியில் 'கிரியேட் சப்டைரக்டரி ஃபார் ப்ராஜெக்ட்' என்பதை டிக் செய்யுங்கள்.

2. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ. நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி ஆகும்.

3. பாடுபவரைப் பாட்டின் உச்சக் கட்டத்தையே பாடச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் -12 டெசிபல் பக்கம் நிற்கும்படி ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உள்ள கெயின் குமிழைத் திருப்புங்கள், உள்ளே வரும் ஒலியின் அளவை மாற்றுவது அதுதான். திரையில் இருக்கும் ஃபேடரை, அதாவது மேலும் கீழும் நகர்த்தும் அளவுப் பட்டையை, இறக்கிப் பயனில்லை. அது பதிவான ஒலியைக் கேட்கும் அளவை மட்டுமே மாற்றும். மீட்டர் பாதிதான் ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம். 24 பிட்டில் பிறகு தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கூடவே ஏறும் என்பது வேறு கதை.

4. பதிவு முடிந்தபின் பல டிராக்குகள் (தனித்தனிப் பதிவுகள்) சேரும்போது, அவற்றின் மொத்த ஒலியைக் காட்டும் மாஸ்டரில் சிவப்பு வந்தால் கவலையில்லை. பதிவான ஒலி வெட்டுப்படவில்லை, ஃபேடர்களை இறக்கினால் சரியாகிவிடும்.

இனி ஃபைல்கள். ரீப்பர் சேமிக்கும் .ஆர்பிபி ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் குறிப்புச் சீட்டு. எந்தத் துண்டு எங்கே என்று எழுதியிருக்குமே தவிர ஒலி அதில் இல்லை. அதை மட்டும் பென்டிரைவில் போட்டு ஸ்ரீராமபுரத்து நண்பன் வீட்டுக்கு எடுத்துப்போய் அசடு வழிந்திருக்கிறேன். ஃபோல்டரை முழுசாக எடுத்துப்போங்கள். ஒலி இருக்கும் வேவ் ஃபைல்களின் பெயரையும் வெளியிலிருந்து மாற்றாதீர்கள், ரீப்பர் தேடித் தவிக்கும்.

எம்பி3 எல்லாம் முடிந்த பிறகு, வாட்ஸாப்புக்கு மட்டும். ஊரில் இருக்கும் அத்தைக்கு அது போதும். வேவ் ஃபோல்டரின் இன்னொரு நகலை வேறொரு டிஸ்கில் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.