ஸ்கேன் எடுக்க முன்னுக்கே பேசிடுங்க: நாய், மாடு பாக்குற டொக்டர்மாரும் வளக்குறவங்களும் விடுற பிழைகள்

மலையகத்துல அட்டன், பொகவந்தலாவ, பண்டாரவளை பக்கமெல்லாம் இப்ப நாய்க்கும் பூனைக்கும் ஸ்கேன் எடுக்குறது பெரிய அதிசயம் இல்ல, சில இடங்கள்ல கையில தூக்கிட்டு வர்ற மெஷினோட டொக்டர் மாட்டுப்பட்டிக்கே வந்துர்றாரு. ஆனா அதுக்குப் பிறகு வர்ற மனஸ்தாபம் அநேகமா படத்தால வர்றது இல்ல, படம் எடுக்க முன்னுக்கு பேச வேண்டியத பேசாம விட்டதாலதான். புதுசா கிளினிக் போடுற தம்பி தங்கச்சிமாருக்கும், மிருகம் வளக்குறவங்களுக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன்.

என்ன கேள்விக்கு விடை தேடுறோம்னு சொல்லாமலே மேசையில ஏத்துறதுதான் எல்லாத்துலயும் பெரிய பிழை. வீட்டுக்காரருக்கு எக்ஸ்ரேயும் ஒண்ணுதான், ஜெல் பூசிப் பாக்குற அல்ட்ராசவுண்டும் ஒண்ணுதான், சுத்திச் சுத்தி எக்ஸ்ரே எடுத்து கம்ப்யூட்டர்ல சேக்குற சீ.டி.யும் ஒண்ணுதான், எதையாவது ஒண்ண எடுத்தா உள்ளுக்குள்ள இருக்குற எல்லாமே தெரிஞ்சிரும்னு நெனைக்கிறாங்க, அது அவங்க குத்தமும் இல்ல. நாய்க்குட்டி பிளாஸ்டிக்க முழுங்கியிருந்தா எக்ஸ்ரேயில அது அநேகமா நேரா தெரியாது, கம்பியும் எலும்பும்தான் பளிச்சுனு தெரியும். நுரையீரல்ல காத்து இருக்குறதால அல்ட்ராசவுண்டு அதுக்குள்ள போகாது. பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டு வர்ற நாய்க்கு எக்ஸ்ரே எடுத்தா முதுகெலும்பு தெரியும், அதுக்குள்ள ஓடுற நரம்புத்தண்டு தெரியாது, அதுக்கு காந்தத்தால படம் எடுக்குற எம்.ஆர்.ஐ.யோ சீ.டி.யோ வேணும். இத ரெண்டே நிமிஷத்துல முன்னுக்கே சொல்லிட்டா "காசையும் வாங்கிட்டு ஒண்ணுமே இல்லங்குறாரு"ங்குற பேச்சு பாதி கொறையும். படத்துல ஒண்ணும் இல்லாட்டி அடுத்து என்ன செய்வோம்ங்குறதையும் அப்பவே சொல்லணும்.

குட்டி எத்தனைன்னு கேக்குறதுலயும் இதே கதைதான். நாய் சினையான்னு பாக்க இணை சேந்து 25, 28 நாள் ஆனா அல்ட்ராசவுண்டு போதும், குட்டியோட இதயம் துடிக்குறதே தெரியும். ஆனா அதுல எண்ணிக்கை சொல்றது ரிஸ்க், ஒண்ணையே ரெண்டு தரம் எண்ணலாம், ஒண்ண விட்டும்போகலாம். எண்ணணும்னா 55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே, அப்ப எலும்பு நல்லா இறுகியிருக்கும், மண்டையையும் முதுகையும் பாத்து எண்ணலாம். மொத ஸ்கேன்லயே வாய் தவறி "அஞ்சு"ன்னு சொல்லிட்டு ஏழு பொறந்தா சிரிச்சுட்டுப் போவாங்க, நாலு பொறந்தா ஒண்ணு எங்கன்னு ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும்.

இன்னொரு பழக்கம், ஸ்கிரீன வீட்டுக்காரர் பக்கம் திருப்பி "இங்க பாருங்க, கறுப்பா தெரியுதா"ன்னு கேக்குறது. தெரியுதுன்னுதான் தலையாட்டுவாங்க, டொக்டர் கேட்டா தெரியலன்னு யாரு சொல்லுவா? கர்ப்பப்பையில சீழ் கட்டின பொட்ட நாயக் கொண்டு வந்தா நான் முதல்ல மூத்திரப்பையத்தான் காட்டுவேன், "அம்மா, இது மூத்திரம் நிக்குற பை, இது எல்லா நாய்க்கும் இருக்கும்". அதுக்குப் பிறகு புரோப (உடம்பு மேல வச்சுப் பாக்குற கருவிய) கொஞ்சம் நகத்தி, பக்கத்துல கொழாய் கொழாயா வீங்கி நிக்குறதக் காட்டி, "இது இருக்கக் கூடாதது, உள்ள சீழ், இன்னிக்கே ஒபரேஷன் செய்யணும், விட்டா உசிருக்கு ஆபத்து". துண்டுக் கடதாசி பின்பக்கத்துல ஒரு கோட்டுப்படம் போட்டுக் குடுத்தா இன்னும் நல்லது, வீட்டுல இருக்குற மத்தவங்களுக்கும் அதத்தானே காட்டப் போறாங்க. கடைசியா "வீட்டுல போய் என்னன்னு சொல்லுவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, நாம சொன்னது எவ்வளவு போய்ச் சேந்துருக்குன்னு அப்பத்தான் தெரியும்.

மொழிப் பிரச்சினைய தனியாவே சொல்லணும். டொக்டர் சிங்களத்துல சொல்ல, ஸ்கூல் போற பிள்ள அத தமிழாக்கி பாட்டிக்குச் சொல்றத நம்ம பக்கம் எத்தனையோ இடத்துல பாக்கலாம். ஊசி எப்ப, மாத்திரை எத்தனைன்னா பரவாயில்ல, ஆனா "இது பொழைக்காது"ங்குற பேச்ச பத்து வயசுப் பிள்ள வாயால சொல்ல வைக்கிறது ரொம்பப் பிழை. பிள்ளையும் பாதிய முழுங்கிரும். வேலை செய்யுற ஆள்ல தமிழ் தெரிஞ்ச ஒருத்தரக் கூப்பிடுங்க, இல்லாட்டி வீட்டுப் பெரியவங்க ஒருத்தருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல பேசுங்க.

படத்த மட்டும் பாத்துட்டு நோய்க்குப் பேர் வைக்குற அவசரமும் கூடாது. மண்ணீரல்ல கட்டி தெரிஞ்சா அது கேன்சரா, ரெத்தம் கட்டினதான்னு அல்ட்ராசவுண்டால பிரிச்சுச் சொல்ல முடியாது, எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் உறுதி. "கட்டி இருக்கு, என்ன கட்டின்னு இன்னும் தெரியாது"ன்னு சொல்றதுல டொக்டருக்கு ஒரு கொறச்சலும் இல்ல.

காசு விஷயம். சீ.டி., எம்.ஆர்.ஐ.ன்னா ஊர விட்டு தூரத்து டவுனுக்கு எறங்கணும், நாயோட பஸ்ல ஏத்த மாட்டாங்க, வேன் புடிக்கணும், ஒரு நாள் பேரும் (சம்பளமும்) போகும். அதோட நாய் அசையாம படுக்காது, அதனால மயக்க மருந்து குடுத்துத்தான் எடுப்பாங்க, அதுக்கு முன்னுக்கு ரெத்தப் பரிசோதனையும் வரும். இதெல்லாத்தையும் கூட்டி ஒரு தொகையா முன்னுக்கே சொல்லுங்க, துண்டு துண்டா சொன்னா ஏமாத்துற மாதிரிதான் படும். அதவிட முக்கியமா, படத்துல என்ன வந்தாலும் ஒபரேஷனுக்கு வசதி இல்லன்னு வீட்டுக்காரர் சொன்னா அந்தப் படமே தேவையான்னு சேந்து யோசிக்கணும். வலி கொறைக்குற மருந்தோட வீட்டுல வச்சுப் பாக்குறதும் ஒரு வழிதான்னு வாய் விட்டுச் சொல்லணும், இல்லாட்டி வளையல அடகு வச்சாவது எடுப்பாங்க.

மாட்டுல வேற மாதிரி. சினை ஊசி போட்டு ஒரு மாசம் அளவுல மலவாய் வழியா புரோப் வச்சுப் பாத்தா சினை தெரியும். ஆனா அந்த வயசுல கரு கலைஞ்சுபோறதும் உண்டு, பிறகு மாடு திரும்ப பருவத்துக்கு வந்தா "டொக்டர் பொய் சொல்லிட்டாரு"ன்னு பால் சேகரிக்குற இடத்துல ஊருக்கே கேக்கும். அதனால "இன்னிக்கு சினை இருக்கு, 60 நாள் அளவுல திரும்பப் பாப்போம்"ன்னு சொல்லி, அந்தத் தேதிய பட்டி கதவுல சோக்கால எழுதிட்டு வாங்க. கம்பி முழுங்கின மாட்டுக்கும் அதேதான், அல்ட்ராசவுண்டுல வயித்தச் சுத்தி புண்ணும் சீழும் தெரியலாம், கம்பி தெரியும்னு வாக்குக் குடுக்காதீங்க.

வளக்குறவங்க பக்கத்துலயும் சில பிழை இருக்கு. வயித்து ஸ்கேனுக்கு வர்ற அன்னிக்கு காலையில பாசத்துல சோத்தப் போட்டுர்றாங்க, வயித்துல சோறும் காத்தும் நெறஞ்சா பின்னால இருக்குறது மறைஞ்சிரும், எத்தனை மணித்தியாலம் பட்டினி போடணும்னு மொத நாளே கேட்டுக்கங்க. சின்னக் குட்டிக்கும் சக்கரை வியாதி நாய்க்கும் கேக்காம பட்டினி போட வேணாம். மூச்சு வாங்குற பூனைய உடனே எக்ஸ்ரேக்குப் படுக்க வைங்கன்னு டொக்டர அவசரப்படுத்தவும் வேணாம், படுக்க வச்ச எடத்துலயே செத்துப்போகலாம், மொதல்ல ஒக்சிசன்.

எக்ஸ்ரே படத்த ஜன்னல்ல புடிச்சு போன்ல எடுத்து வட்ஸ்அப்புல பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்பி அபிப்பிராயம் கேக்குறது இன்னும் நடக்குது. வட்ஸ்அப் படத்த சுருக்கிரும், ஜன்னல் வெளிச்சம் வேற சேந்துக்கும், மெல்லிசான வெடிப்பெல்லாம் அதுல போயிரும். மெஷின்ல இருந்து வர்ற டைகொம் ஃபைல (சுருக்காத மூலப் படத்த) அப்படியே அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு பக்கத்துல எடுத்ததையும் சேத்து, வயசு, எப்ப தொடங்கினது, என்ன மருந்து குடுத்ததுன்னு எழுதி. ரிப்போட் வந்தா வீட்டுக்காரருக்கு பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு போன் போடுங்க, தேயிலைக் கொழுந்து நிறுக்குற நேரத்துல யாரும் போன் தூக்க மாட்டாங்க.