ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஓர் ஆர்எஸ்ஏ சாவியை உடைப்பது எப்படி?

12193 என்ற எண் இரண்டு பகா எண்களைப் பெருக்கிக் கிடைத்தது. அந்த இரண்டும் எவை என்று தெரிந்துவிட்டால், இந்த எண்ணை வைத்துப் பூட்டிய ஒரு ரகசியத்தைப் படித்துவிடலாம். அதைத்தான் இன்றைக்குச் செய்யப்போகிறோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, போன் கால்குலேட்டர், பத்தாம் வகுப்புக் கணக்கு, இவ்வளவு போதும். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை.

காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எடுக்கும்போது, போர்டைப் பார்க்கச் சொல்வதற்கு முன்னால் தரையைப் பார்க்கச் சொல்வேன். வகுப்பு நடப்பது ஒரு பழைய வீட்டின் முகப்பில். கீழே முழுக்க ஆத்தங்குடிக் கல். எதற்கு என்று இரண்டாம் படியில் தெரியும்.

முதல் படி: பூட்டு

செய்திகளைப் பூட்டி அனுப்பும் ஆர்எஸ்ஏ முறையை 1977-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கினார்கள். இரண்டு பகா எண்களைப் பெருக்கி வரும் விடையை ஊருக்கே சொல்லலாம். அந்தப் பகா எண்களை மட்டும் வெளியே விடக்கூடாது. நம் உதாரணத்தில் ஊருக்குச் சொன்னவை 12193, 3 என்ற இரண்டு எண்கள். ரகசியமாக ஓர் எண்ணை அனுப்ப விரும்புகிறவர் அதன் கனத்தை (அந்த 3 இதற்குத்தான்) 12193-ஆல் வகுத்து, மீதியை மட்டும் அனுப்புவார். அப்படி வந்திருப்பது 6840. அனுப்பிய எண் எது?

இரண்டாம் படி: கல்லை நகர்த்துங்கள்

தரையில் 5 வரிசை, வரிசைக்கு 9 கல் என்று ஒரு செவ்வகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 45 கல். வலது ஓரத்து இரண்டு பத்திகளில் இருக்கும் 10 கல்லையும் பெயர்த்தெடுத்து (மனதுக்குள்தான், நிஜமாகப் பெயர்த்தால் அந்த வீட்டு ஆச்சியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்), கீழே ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை போடுங்கள். இப்போது ஏழுக்கு ஏழு என்று ஒரு சதுரம் வந்திருக்கும். மூலையில் மட்டும் இரண்டுக்கு இரண்டு காலி. 49-ல் 4 போனால் 45.

அந்த 7, நீளத்துக்கும் அகலத்துக்கும் நடுவில் இருக்கும் எண். 2 என்பது அவற்றின் வித்தியாசத்தில் பாதி. 7-லிருந்து 2-ஐக் கழித்தால் 5, கூட்டினால் 9, அதாவது பழைய செவ்வகம் திரும்பக் கிடைத்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு பெண் இந்த இடத்தில் கேட்டாள்: “வித்தியாசம் ஒற்றைப்படையா வந்தா கல்லைப் பாதியா வெட்டணுமே சார்?” சரியான கேள்வி. 2-ஐ விட்டால் பகா எண்கள் எல்லாமே ஒற்றைப்படை. இரண்டு ஒற்றைப்படை எண்களின் வித்தியாசம் எப்போதும் இரட்டைப்படையாகத்தான் வரும். அதனால் வெட்டும் வேலையே இல்லை.

மூன்றாம் படி: வேட்டை

நம்மிடம் 12193 கல் இருக்கிறது, நீளம் அகலம் தெரியாது. மூலையில் எத்தனை கல் குறைகிறது என்று கண்டுபிடித்தால் போதும். இதுதான் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவின் முறை.

12193-ன் வர்க்கமூலம் 110.4 சொச்சம். சதுரம் அதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும், அதனால் 111-ல் தொடங்குகிறோம். 111-ன் வர்க்கம் 12321. அதில் 12193 போக 128. இது முழு வர்க்கமா? பார்த்தவுடன் தள்ளிவிடலாம், 2, 3, 7, 8-ல் முடியும் எந்த எண்ணும் முழு வர்க்கம் ஆகாது.

அடுத்து 112. மறுபடி வர்க்கம் எடுத்துக் கழிக்க வேண்டாம், ஒரு சுருக்குவழி இருக்கிறது. 111-ஐயும் 112-ஐயும் கூட்டினால் 223. அதைப் பழைய 128-உடன் சேர்த்தால் 351. இது 18-ன் வர்க்கத்துக்கும் (324) 19-ன் வர்க்கத்துக்கும் (361) இடையில் மாட்டிக்கொள்கிறது, ஆகாது. அப்புறம் 113. இந்த முறை சேர்க்க வேண்டியது 225. 351-உடன் 225 சேர்ந்தால் 576, அதாவது 24-ன் வர்க்கம்!

113-லிருந்து 24 போனால் 89. 113-உடன் 24 சேர்ந்தால் 137. பெருக்கிப் பாருங்கள், 12193 வரும்.

மூன்றே முயற்சி. 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தால், 89 வருவதற்குள் 24 முறை வகுத்திருப்போம்.

நான்காம் படி: திறப்பது

இரண்டு பகா எண்களிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்குங்கள்: 88 × 136 = 11968. இப்போது, 3-ஆல் பெருக்கி 11968-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண் ஒன்று வேண்டும். 11968-ஐ இரண்டு மடங்காக்கி ஒன்று கூட்டினால் 23937. அதை 3-ஆல் வகுத்தால் 7979. இதுதான் தனிச் சாவி.

6840-ஐ 7979 முறை எழுதி, எல்லாவற்றையும் பெருக்கி 12193-ஆல் வகுத்த மீதிதான் விடை. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வர்க்கம் எடு, 12193-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள், அதன் வர்க்கம் எடு என்று 12 முறை போங்கள். 7979 என்பது 4096, 2048, 1024, 512, 256, 32, 8, 2, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அந்தந்த இடத்து மீதிகளை மட்டும், ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் வகுத்துக்கொண்டே, 8 முறை பெருக்கினால் முடிந்தது. கிடைப்பது 96, நகரத்தார் ஊர்களின் பழைய கணக்கு! சரிபார்ப்பது இன்னும் எளிது. 96-ன் கனம் 884736. அதிலிருந்து 12193-ஐ 72 முறை கழித்தால் மிஞ்சுவது 6840.

ஏன் இவ்வளவு சுலபம்?

89-ம் 137-ம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால்தான். 12187-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் அது 7 × 1741. இதே முறையில் 111-ல் தொடங்கி 874 வரை, 764 முயற்சி எடுக்கும். (அதற்கு 7-ஆல் வகுத்தாலே போதும் என்பது வேறு விஷயம். முதலில் சின்ன எண்களால் வகுத்துப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.)

இதெல்லாம் நோட்டுக் கணக்கு, நிஜத்தில் நடக்காது என்று நினைக்காதீர்கள். சில பிரிண்டர்கள் உருவாக்கிய சாவிகளில் இரண்டு பகா எண்களும் அருகருகே இருந்து, ஃபெர்மா முறையிலேயே உடைந்தது 2022-ல் வெளியே வந்தது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டின் விதிப்படி, 2048 பிட் சாவியில் இரண்டு பகா எண்களின் வித்தியாசம் 2-ன் 924-ஆம் அடுக்கைத் தாண்ட வேண்டும். அந்த விதியை மதித்த சாவியிடம் நம் நோட்டு எடுபடாது.

ஆனால் சதுரத்தைத் தேடும் யோசனை மட்டும் இன்றுவரை விடவில்லை. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் சரியாக நம் எண்ணாக இருக்க வேண்டாம், அதன் ஏதோ ஒரு மடங்காக இருந்தாலே போதும் என்று தளர்த்திக்கொண்டார்கள். கணிதவியலாளர் பொமரன்ஸ் 1981-ல் கண்ட, இருபடிச் சல்லடை என்ற காரணிப்படுத்தும் முறை அந்த வழியில் வந்தது. 250 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை 2020-ல் உடைத்த எண்புலச் சல்லடையும் அதே குடும்பம். எண் கோட்பாட்டில் மேலே படிக்க ஆசை இருந்தால் சென்னையின் ராமானுஜன் நிறுவனத்தை மனதில் வையுங்கள். அதைத் தொடங்கியவர் நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார்.

வீட்டுக் கணக்கு

1643 வாக்கில் ஃபெர்மா தானே உடைத்துக் காட்டிய எண் 2027651281. தொடக்கம் 45030, முதல் மீதி 49619. அடுத்துச் சேர்க்க வேண்டியது 90061, அப்புறம் 90063, இப்படி இரண்டிரண்டாக ஏறும். மீதி எப்போது முழு வர்க்கம் ஆகிறது என்று பாருங்கள். 12-ஆவது முயற்சியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் எங்கோ கூட்டல் பிசகியிருக்கிறது.