லவுட்டர்புருன்னன் போகிறீர்களா? வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்

போன ஜூலையில் ஒரு காலை. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள லவுட்டர்புருன்னன் ரயில் நிலையத்தில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர் மலையில் பாதிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மகன் கையில் ஆறு பேருக்கும் மலை மேலே உள்ள யூங்ஃப்ராவ்யோஹ் ரயில் நிலையத்துக்குப் போகிற டிக்கெட், ஊரிலேயே வாங்கியது.

"அண்ணா, மேலே போனா மேகம் விலகிடும்ல?" என்று கேட்டார். உச்சியில் இருக்கும் கேமராவின் நேரடிப் படத்தை என் போனில் காட்டினேன். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. "டிக்கெட் வாங்கியாச்சே அண்ணா" என்றார். ஏறிப் போய்விட்டார்கள். அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன் நான் செய்தது அப்படியே அதேதான்.

பெர்னில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போவது வருடத்தில் நாலைந்து முறையாவது நடக்கும். ஸ்வெட்டர் எடுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் அதற்கு அப்புறம் உள்ளதைச் சொல்கிறேன்.

லவுட்டர்புருன்னன் ஒரு கிராமத்தின் பெயர் மட்டுமல்ல. பெர்ன் மாநிலத்தில் அது ஒரு ஊராட்சி. பாறைச் சுவர்களின் மேலே திண்ணை போல உட்கார்ந்திருக்கும் வெங்கென், ம்யூரன், கிம்மல்வால்ட், பள்ளத்தாக்கின் கடைசியில் உள்ள ஷ்டெக்கல்பெர்க் எல்லாம் அதில் அடக்கம். மொத்தமாகவே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். 1240ஆம் ஆண்டு ஆவணத்தில் இதன் பெயர் லத்தீனில் 'தெளிந்த ஊற்று' என்ற பொருளில் வருகிறது. தண்ணீர்தான் இந்த ஊர். அதைக் கவனிக்காமல்தான் பெரும்பாலானவர்கள் மேலே ஓடுகிறார்கள்.

டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு வானத்தை அப்புறம் பார்ப்பது

பணத்தையும் நாளையும் சேர்த்து விழுங்குகிற தவறு இதுதான்.

யூங்ஃப்ராவ்யோஹ் நிலையம் 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1896இல் தோண்ட ஆரம்பித்து 1912இல் திறந்தார்கள். ஐகர், மோன்ஹ் மலைகளைக் குடைந்து 7 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்திலேயே ரயில் போகிறது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் கோடையில் கீழிருந்து போய்வர முழுக் கட்டணம் ஆள் ஒன்றுக்கு 200 ஃபிராங்கைத் தாண்டும். அந்தப் பணம் பனியாற்றையும் சிகரங்களையும் பார்ப்பதற்குத்தான். மேகம் மூடினால் சுரங்கத்தையும் ஜன்னலையும் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

என் அம்மாவும் அப்பாவும் முதன்முதலாக வந்தபோது இரண்டு மாதம் முன்கூட்டியே தேதி குறித்து டிக்கெட் போட்டேன். அன்று காலை மழை. ரத்து செய்தால் பணம் போய்விடுமே என்று கூட்டிப்போனேன். மேலே பார்வை மாடத்தில் அப்பா கண்ணாடி ஓரமாக நின்றார். கண்ணாடியில்தான் ஆவி படிந்திருக்கிறது என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த பிறகும் வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தடவை துடைத்தார். அம்மாவுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றியது. ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். மறுநாள் வானம் வெளுத்தது. பெர்னில் ரோஜாத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஐகர், மோன்ஹ், யூங்ஃப்ராவ் மூன்றையும் அப்பா தூரத்திலிருந்து பார்த்தார். அடுத்த வாரம் ஊருக்குப் போனார்கள். அப்புறம் அவர்களால் வர முடியவில்லை.

கீழே நின்று அண்ணாந்து பார்த்து முடிவு செய்யக்கூடாது. கிராமம் ஏறக்குறைய 800 மீட்டரில் இருக்கிறது. உச்சி அதற்கும் 2600 மீட்டர் மேலே. இரண்டு இடத்து வானமும் வேறு. கோடையில் காலை தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற பாறைச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலே கிளம்பி, மதியத்துக்குள் சிகரங்களில் மேகம் கட்டிவிடும். அதனால் முதல் ரயில்களில் போகிறவர்களுக்கே பலன் அதிகம். இலையுதிர் காலத்தில் நேர் எதிர். குளிர்ந்த காற்று தாழ்வான பகுதிகளில் படிந்து பெர்ன் முழுக்க மூடுபனியாக இருக்கும். மேலே பளீரென்று வெயில். அந்த நாட்களில் மூட்டத்தைப் பார்த்துப் பயணத்தையே ரத்து செய்கிறவர்களும் உண்டு. அதுவும் நஷ்டம்தான்.

யூங்ஃப்ராவ்யோஹ், 2970 மீட்டர் உயர ஷில்ட்ஹார்ன் சிகரம் இரண்டிலும் கேமரா உண்டு. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு நாள் பயணமாக வராமல் இந்தப் பக்கம் மூன்று நாள் தங்குங்கள். முதல் நாள் மாலை வானிலை அறிக்கையைப் பாருங்கள், காலையில் எழுந்ததும் கேமராவைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் வாங்குங்கள். தேதி போட்ட டிக்கெட்டைப் பல மாதம் முன்பே வாங்காதீர்கள். கூட்டமான நாளில் இடம் கிடைக்காமல் போகலாம்தான். மூன்று நாள் கையில் இருந்தால் அதையும் சமாளிக்கலாம்.

இன்னொன்று. சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் எல்லாம் இலவசம் என்று நினைத்து வருகிறார்கள். வெங்கென், ம்யூரன் வரைக்கும்தான் அது செல்லும். அதற்கு மேலே தள்ளுபடி மட்டும்.

மழை நாளை வீணான நாள் என்று நினைப்பது

சரி, மேலே மேகம். என்ன செய்வது? அருவிக்குப் போங்கள்.

பனியுகத்தில் பெரிய பனியாறு ஒன்று இந்தப் பள்ளத்தாக்கைச் செங்குத்தாக அரிந்துவிட்டது. பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகள் அந்த ஆழத்துக்கு அரிபடாமல் மேலேயே நின்றுவிட்டன. அங்கிருந்து வருகிற ஓடைகளுக்குக் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 72 அருவிகள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கிராமத்தை ஒட்டியே விழும் ஷ்டவுப்பாஹ் 297 மீட்டர். பெயரில் உள்ள 'ஷ்டவுப்' என்றால் தூசி. தண்ணீர் பாதி வழியிலேயே பொடிந்து காற்றில் அலையும். வறண்ட செப்டம்பரில் அது மெலிந்த நூல். நல்ல மழைக்கு மறுநாள் பாருங்கள், சுவரிலிருந்து தள்ளி விழும்.

ட்ரும்மல்பாஹ் வேறு ரகம். அது மலைக்குள்ளே விழுகிறது, பத்து அடுக்காக. ஐகர், மோன்ஹ், யூங்ஃப்ராவ் மூன்றின் பனி உருகிய தண்ணீரும் இந்த ஒரே பிளவு வழியாகத்தான் வெளியேறுகிறது; உச்ச நேரத்தில் விநாடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே லிஃப்டில் ஏறிப் படிகளில் நடக்க வேண்டும். கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் அதிர்வு தெரியும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அன்று மழையாக இருந்தால் என்ன, உள்ளே எப்படியும் நனைவோம்.

ட்ரும்மல்பாஹுக்குக் கைக்குழந்தையோடு போவது

நாலு வயதுக்குக் கீழே விடமாட்டார்கள். குளிர்காலத்தில் திறப்பதே இல்லை.

காரில் வெங்கெனுக்கோ ம்யூரனுக்கோ போக நினைப்பது

போக முடியாது. காரைக் கீழே விட்டுவிட்டு ரயிலோ கேபிள் காரோ பிடியுங்கள்.

போட்டோவுக்காகப் புல்லில் இறங்குவது

இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முழங்கால் உயரப் புல், நடுவில் மஞ்சள் பூ, பின்னால் அருவி. இறங்கி நின்று படம் எடுக்கத் தோன்றும்தான். ஆனால் அது மாட்டுக்கான குளிர்காலத் தீவனம். மிதித்த புல் படுத்துவிடும், அறுவடையில் கத்திக்கு அகப்படாது. செங்குத்தான சரிவுகளில் இன்னமும் கையால்தான் வாருகிறார்கள். கிம்மல்வால்டில் ஒரு பாட்டி மரப்பற்கள் வைத்த வாருகோலால் ஓரத்தில் விழுந்த புல்லை ஒரு பிடி விடாமல் இழுத்துச் சேர்த்ததைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக் களத்தில் சிந்திய நெல்லைப் பாட்டி பொறுக்கியது நினைவுக்கு வந்தது. மஞ்சள் பலகை காட்டும் பாதையிலேயே நடங்கள். லவுட்டர்புருன்னனிலிருந்து ஷ்டெக்கல்பெர்க் வரை ஆற்றோரமாகச் சமதளம், இரண்டு மணி நேரம் போதும். கால் வலித்தால் பஸ் உண்டு.

ஜனவரி நடுவில் வெங்கெனில் அறை தேடுவது

லவுபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டி சமயம் அது. கிடைக்காது.

பள்ளத்தாக்கின் பின்கட்டைப் பார்க்காமல் திரும்புவது

ஷ்டெக்கல்பெர்க்கில் பஸ் நின்றுவிடும், எல்லோரும் கேபிள் காருக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் சாலை முடிகிற இடத்திலிருந்துதான் 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த யூங்ஃப்ராவ்-அலெட்ச் பகுதியை நோக்கிப் பாதை ஏறுகிறது. ட்ராக்ஸல்லவுவெனென் என்ற இடத்தில் பழைய உருக்காலையின் இடிந்த சுவர்கள் காட்டுக்குள் நிற்கின்றன. ஒரு காலத்தில் இங்கே சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். இன்னும் மேலே ஓபர்ஷ்டைன்பெர்க் மலை விடுதியில் இரவுக்கு மெழுகுவத்தி வெளிச்சம்தான்.

இந்த மேட்டுக் கிராமங்களில் முதலில் குடியேறியவர்களில் பலர் மலைக்கு அந்தப் பக்கமுள்ள லோட்ஷன் பள்ளத்தாக்கிலிருந்து, பனியாற்றைத் தாண்டி வந்தவர்கள். லவுட்டர்புருன்னன் தேவாலயத்தில் உள்ள ஒரு பழைய மணியையும் அவர்கள் அப்படித்தான் தூக்கி வந்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். அந்தத் தேவாலயத்துக்குக் கீழே, ஆற்றின் அக்கரையில், பழைய மாவு ஆலைக் கட்டடத்தில் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளூர்ப் பெண்கள் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னிய லேஸ் துணிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாட்கள் குறைவு, கேட்டுக்கொண்டு போங்கள்.