பல்லு போச்சா? செட்டா ஸ்க்ரூவான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

ஒரு பல்லுதானே, இன்னொரு பக்கம் மென்னுக்கலாம்னு விட்டுடுறவங்கதான் ஜாஸ்தி, நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் விட்டேன். அதுக்குள்ள பக்கத்துப் பல்லு காலி இடத்துப் பக்கம் சாஞ்சு, நேர் மேல இருந்த பல்லு தாங்க ஆளில்லாம கீழ இறங்கிடுச்சு. அதை விடப் பெரிய விஷயம், வேர் போன இடத்துல தாடை எலும்பு கரையும், முதல் வருஷத்துலதான் நிறைய கரையும். அதனால பிடுங்குறதுக்கு முன்னாடியே "அந்த இடத்துல என்ன வைக்கப் போறோம்"னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. ஞானப்பல்லுன்னா விட்டுடலாம், அதுக்குப் பதிலா பொதுவா யாரும் கட்டுறதில்ல.

முதல்ல செட்டு, அதாவது கழட்டி மாட்டுற பல் செட்டு. எல்லாம் போயிருந்தா முழு செட்டு, கொஞ்சம் மிச்சமிருந்தா அந்தப் பல்லைக் கொக்கி போட்டுப் பிடிச்சுக்குற பாதி செட்டு. பிடுங்கின அன்னைக்கே மாட்டுற செட்டும் உண்டு, ஆனா ஈறு ஆறி சுருங்கினதும் லூசாகும், ஈறுக்குப் பொருந்துற மாதிரி உள்பக்கம் புதுசா ஒரு அடுக்கு பூசி ரீலைன் பண்ணித்தான் ஆகணும், இது செட்டோட தப்பில்ல.

மேல் செட்டு அண்ணத்துல எச்சில் ஈரத்தோட கப்புன்னு ஒட்டிக்கும். கீழ் செட்டுக்கு ஒட்ட இடமும் கம்மி, நாக்கு வேற தள்ளிக்கிட்டே இருக்கும், அதனால புலம்பல் எல்லாம் பெரும்பாலும் கீழ் செட்டாலதான். முதல் சில வாரம் மெத்துனு இருக்குறதைச் சின்னத் துண்டா போட்டு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மெல்லுங்க, ஒரு பக்கமே மென்னா மறுபக்கம் தூக்கும், முன்பல்லால கடிச்சு இழுத்தா பின்னாடி தூக்கும். பேச்சுல "ஸ" விசிலடிக்கும், தினமும் பேப்பரை சத்தமா படிங்க, சரியாகிடும். புண்ணாச்சுன்னா நீங்களே அரத்தை எடுத்து ராவாதீங்க ப்ளீஸ். டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின நாள் செட்டை மாட்டியே இருங்க, அப்பதான் எங்க உரசுதுன்னு அவருக்குத் தெரியும்.

கழுவும்போது பேசின்ல தண்ணி நிரப்பிக்கோங்க, இல்ல துண்டை மடிச்சுப் போடுங்க, கை நழுவினாலும் உடையாது. சாஃப்ட் பிரஷ், லேசான சோப்பு போதும், டூத்பேஸ்ட் கீறல் போடும். எங்கம்மா கிருமி சாகட்டும்னு கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தாங்க, மறுநாள் ஒரு பக்கம் வாய்ல உக்காரவே இல்ல. ராத்திரி கழட்டி சாதா தண்ணில போடுங்க, மாட்டிக்கிட்டே தூங்கினா அண்ணம் செவந்து பூஞ்சை வரலாம்.

இப்ப ஸ்க்ரூ, அதாவது பல்லைத் தாங்க தாடை எலும்புக்குள்ள பதிக்கிற இம்ப்ளாண்ட். சுவீடன்ல பிரானேமார்க்ங்கிற டாக்டர் முயல் எலும்புல வெச்ச டைட்டானியத்தைத் திரும்ப எடுக்கப் போனப்ப அது எலும்போட ஒட்டிப் போயிருந்துச்சு, அதுலேர்ந்து வந்ததுதான் இது, மனுஷனுக்கு 1965ல போட்டார். ஸ்க்ரூ போட்டு எலும்பு பிடிச்சுக்க பொதுவா 3லேர்ந்து 6 மாசம், அப்புறம்தான் மேல பல்லு. சில பேருக்கு அன்னைக்கே தற்காலிகப் பல்லு வைப்பாங்க, எல்லாருக்கும் ஒத்து வராது.

சிகரெட், கட்டுப்படாத சுகர், எலும்புத் தேய்மானத்துக்குப் போடுற மாத்திரை ஊசி, தாடைல ரேடியேஷன், இதுல எது இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க. 3டி ஸ்கேன் எடுத்து எலும்பு உயரம், கீழ்த்தாடை நரம்பு, மேல்தாடைக்கு மேல இருக்குற சைனஸ் குழி எல்லாம் பார்த்துட்டுதான் போடணும், எலும்பு பத்தலைன்னா கிராஃப்ட், அதாவது எலும்பு வெச்சு அந்த இடத்தை நிரப்புவாங்க. போட்ட ஸ்க்ரூவோட கம்பெனி, சைஸ் எழுதின கார்டை கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, பல வருஷம் கழிச்சு வேற டாக்டர் கழட்டணும்னா அந்த விவரம் இல்லாம தடவுவாரு. இம்ப்ளாண்ட்ல சொத்தை விழாது, ஆனா சுத்தியிருக்குற ஈறு வீங்கி உள்ள எலும்பு வலியே இல்லாம கரையலாம், பிரஷ் பண்ணும்போது ரத்தம் வந்தா உடனே போங்க.

எல்லாப் பல்லும் போனவங்களுக்கு என் ஓட்டு நடுவழிக்குத்தான். கீழ ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ, அதுல பட்டன் மாதிரி மாட்டுற செட்டு, அம்மாவுக்கு கடைசில இதான் செஞ்சோம். மாட்டும்போது "டக்"குன்னு சத்தம் கேக்கணும், அவசரத்துல பல்லால கடிச்சு உள்ள தள்ளிடாதீங்க கிளிப் வளைஞ்சுடும், விரலால ரெண்டு பக்கமும் சமமா அமுக்குங்க.