நெடுங்கால் ஈக்குப் பெயர் வைக்கிறீர்களா? வாலையும் படம் எடுங்கள்

போன கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு காலை, அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் 14 படம் அனுப்பியிருந்தான். எல்லாம் கிரேன்ஃப்ளை, அதாவது எங்கள் வீட்டில் ஆனைநுளம்பு என்று சொல்லும் அந்த நெடுங்கால் ஈ. ஒவ்வொன்றின் கீழும் முழு இனப்பெயர். "மாமா, எல்லாத்துக்கும் பேர் கண்டுபிடிச்சிட்டன்." பத்து வருடத்துக்கு முன் நான் ஆடிய அதே கூத்து, அதே ஒழுங்கில். நுளம்பென்று அடிப்பது, கொட்டுமென்று பயப்படுவது எல்லாம் இரண்டாம் நாளே போய்விடும், அவற்றை விட்டுவிட்டு லேசில் போகாத பிழைகளைப் பார்ப்போம்.

முதுகை மட்டும் படம் எடுப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். விறாந்தை லைற்றுக்கு வந்த ஈ சுவரில் சிறகை விரித்துக்கொண்டு இருக்கும், நேரே முதுகைப் பார்த்து ஒரு படம் எடுத்தால் சட்டம் போட்டு மாட்டலாம் போல் வரும். மூன்று மாரிக்கு நான் அப்படியே எடுத்தேன், ஏறக்குறைய இருநூறு படம். பக்கவாட்டில் கோணலாக விழுந்தவற்றை அழகில்லை என்று அன்றன்றே அழித்தும் விட்டேன். பிறகு ஈக்களைப் பற்றியே படித்த ஒருவருக்கு அந்தத் தொகுப்பை அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: "ஆணின் வால்நுனி எங்கே?" ஒன்றிலும் இல்லை. அந்த இருநூறில் முக்கால்வாசி இன்றைக்கும் இனமோ பேரினமோ தெரியாமல், கிரேன்ஃப்ளைக் குடும்பம் என்பதோடு நிற்கிறது. மூன்று மாரி, யோசித்துப் பாருங்கள்.

முதுகுப் படத்தில் தெரிவது மார்பின் மேற்பக்கத்தில் இருக்கும் வி வடிவக் கோடு. அது கிரேன்ஃப்ளைதான் என்று சொல்லும், அதற்கு மேல் வாய் திறக்காது. உலகில் விவரிக்கப்பட்ட இனங்களே 15,000க்கு மேல். சார்ல்ஸ் அலெக்சாண்டர் (1889–1981) என்ற அமெரிக்கர் ஒருவர் மட்டும் 10,000க்கு மேற்பட்டவற்றுக்குப் பெயர் வைத்தார், இலங்கை இனங்கள் பலவும் அதில் அடக்கம். இத்தனையையும் முதுகின் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியுமா? நெருங்கிய இனங்களைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டுவது ஆணின் வால்நுனியில், இணையும்போது பெண்ணைப் பிடிக்க இருக்கும் பிடிகருவியின் வடிவம். ஆணின் வால் மழுங்கித் தடித்திருக்கும்; பெண்ணுடையது முட்டையிடுவதற்காக ஊசிபோல் கூர்ந்திருக்கும். ஆண் கிடைத்தால் பக்கவாட்டில் வால்நுனியை மட்டும் நெருக்கி நாலைந்து படம் எடுங்கள். பெண் மட்டும்தான் கிடைத்தது என்றால் பேரினத்தோடு நிற்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

அப்புறம் சிறகு நரம்பு. கிணற்றடி வாழைக்குக் கீழே மஞ்சளும் கறுப்புமாய்ப் பறப்பதெல்லாம் நெஃப்ரோடோமா என்ற பேரினம்தான் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொல்வேன். திபுலா என்ற இன்னொரு பேரினத்திலும் மஞ்சள் ஈக்கள் உண்டு என்று அப்போது தெரியாது. சிறகின் வெளிப்பாதியில் நரம்புகள் சூழ்ந்த ஒரு சிறிய மூடிய அறை இருக்கிறதல்லவா, அதற்கு வெளியே விளிம்பை நோக்கித் திறந்த ஓர் அறையைப் பாருங்கள்: திபுலாவில் அது காம்பில் நிற்பதுபோல் இருக்கும், நெஃப்ரோடோமாவில் காம்பு இருக்காது, இருந்தாலும் குட்டை. சிறகுக்குப் பின்னால் ரோச் அடித்து எடுத்தால் இது தெளிவாக விழும்.

ஓடித்திரியும் ஈயை எப்படி இப்படியெல்லாம் எடுப்பது என்றால், ஜாம் போத்தலில் பிடித்துப் பத்து நிமிடம் பிரிஜ்ஜில் வையுங்கள், அடங்கிவிடும். வெள்ளைத் தாளில் வைத்து எடுத்துவிட்டு வெளியே விடலாம். ஐஸ் கட்டும் தட்டில் வைக்க வேண்டாம், நான் ஒருமுறை வைத்து மறந்து போனேன்.

கால் எண்ணுவது

தொட்டாலே கழன்றுவிடும். எண்ணாதீர்கள்.

செயலி சொன்ன பெயரை நம்புவது

மருமகனின் 14இல் ஏழு, திபுலா பாலுடோசாவாம். அது ஐரோப்பியப் புல்வெளி ஈ. போன் செயலி தான் பார்த்த படங்களை வைத்துத்தான் பெயர் சொல்லும். இங்கிலாந்துக்காரர் எடுத்த படங்கள் குவிந்து கிடக்கின்றன, கிளிநொச்சியில் எடுத்தவை எத்தனை இருக்கும்? அங்கேயே அதை அதன் நெருங்கிய உறவான திபுலா ஒலரேசியாவிலிருந்து பிரிக்க, ஈயைக் கவிழ்த்துத் தலையின் அடிப்பக்கத்தில் இரு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கிறார்கள். நான் செயலி இல்லாமலே, கூகிளில் படம் பொருத்தி, அதே பெயரை வைத்தவன். அதனால் அவனை அதிகம் ஏசவில்லை.

அளவு

பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள்.

இடத்துக்கு "வன்னி" என்று மட்டும் எழுதுவது

இரணைமடு அணைக்கட்டுக்குக் கீழே நீர் ஊறும் சேற்றிலா, முத்தையன்கட்டுப் பக்கம் உக்கிய மரத்தடியிலா, வயல் வரம்பிலா? புழுப்பருவத்தில் சில இனம் சேற்றில், சில உக்கிய மரத்தில், சில பாசியில் வளர்கின்றன, ஆகவே எங்கே இருந்தது என்பதே பாதித் தடயம். எடுத்த திகதியையும் எழுதுங்கள். மாரியில் எல்லோரும் எடுக்கிறார்கள். ஆவணி வெயிலில் வாய்க்கால் நிழலில் ஒன்று கிடைத்தால், என் கணக்கில் அது கார்த்திகைப் படம் பத்துக்குச் சமம்.

போன கிழமை அவன் மறுபடி ஒரு படம் அனுப்பினான். கோணல், வெளிச்சம் போதாது, ஓரத்தில் அடிமட்டம், நடுவில் மழுங்கிய வால் பளிச்சென்று. கீழே "ஆண்" என்று மட்டும் எழுதியிருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் எடுத்தார். "நீயோ உவனுக்கு பிரிஜ்ஜுக்குள்ள நுளம்பு வைக்கச் சொல்லிக் குடுத்தனி?"